அவர் கடைசி வரிசையில் இருந்தார்

மஞ்சக்குப்பம்,
சனிக்கிழமை காலை.

மகனுக்கு அத்தா எழுதுவது. ஸலாம். நானும் உன் அம்மாவும் சுகம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்பேன். உன் அம்மா சுகமாக இருக்கிறாள். எனக்கு, நேற்று சாயங்காலம் தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்ததிலிருந்து சுகமில்லை. நான் சொல்ல வேண்டியது இன்லண்டில் அடங்காது என்பதால் முழுத்தாளில் எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். "செத்த ஆறட்டும், அப்புறமா எழுதுங்க" என்றாள் உன் அம்மா. ஆறினால் நான் எழுத மாட்டேன். ஏழு வருஷமாக ஆறிப்போய்த்தான் இதை உனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், கேள். உன் ஆபீசில் பக்கத்து சீட்டில் இருப்பவர் நம்ம ஆள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக உங்கள் இருவருக்கும் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை வெளியே போக அனுமதி உண்டு. அந்த நேரத்தைச் சாயங்காலம் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டும். நீ போகிறாய், தொழுகிறாய், இரண்டு மணிக்கு வந்துவிடுகிறாய். அவர் நாலு மணிக்கு வருகிறார். சில வாரம் வருவதே இல்லை. சிதம்பரத்தில் நீ தொழும் பள்ளிவாசலில் அவரை ஒரு வெள்ளிக்கிழமைகூடப் பார்த்ததில்லை. அவருடைய பைல்களையும் சேர்த்து நீயே பார்க்கிறாய். இதெல்லாம் பரவாயில்லை. அடுத்து எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை எரிக்கிறது. "சூப்பிரண்டு சார் ரெண்டு வாரமா கேக்குறாரு அத்தா. தொழுக நீண்டுடுச்சு சார், பின்னாடியே வர்றாருன்னு சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல, தலைய மட்டும் ஆட்டுனாரு. நம்ம ஆள நாமளே எப்படி அத்தா விட்டுக்குடுக்கறது?"

தொழுதுவிட்டு வந்த வாயால் சொன்னாயா இதை? கை கால் கழுவிய ஈரம் காய்வதற்குள் சொன்னாயா? படிக்க வைத்தேன், பரீட்சை எழுத வைத்தேன், வேலை கிடைத்தபோது தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தேன். இதற்குத்தானா என்று கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டேன். உன்னைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது அந்தப் பக்கத்தை முடிக்கும்போதுதான் உறைத்தது. நீ சொன்ன பொய் உன்னுடையது இல்லை. வார்த்தைக்கு வார்த்தை அது என் பொய்.

உன் ஷம்சு மாமாவை உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மஞ்சக்குப்பம் மைதானத்தில் உன் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பெருநாள் என்றால் சிரிப்பும் அத்தருமாக முதல் ஆளாக வீட்டுக்குள் வருவார். நீ எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது அவர் எங்கள் நகல் பிரிவுக்கு மாற்றலாகி வந்தார். நிலப் பதிவேடுகளிலிருந்து நகல் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம் பக்கமிருந்தெல்லாம் விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள் கவுண்டருக்கு முன்னால் வெயிலில் நிற்பார்கள். கவுண்டரில் மூன்று சீட்டு. ஒன்றில் நான், ஒன்றில் ஷம்சு, மூன்றாவதில் தனகோடி. இந்தத் தனகோடி காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயக் குடும்பம். சிதம்பரத்தில் வீடு, தினமும் ரயிலில் வந்து போவார். அதிகம் பேச மாட்டார். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

அங்கே எனக்கு வெள்ளிக்கிழமை அனுமதி எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொள். ஷம்சு வருவதற்கு முன்பே, நான் தயங்கித் தயங்கி ஒரு மனு எழுதிக்கொண்டு சூப்பிரண்டிடம் போனேன். ரிடையர் ஆகப் போகிற வயசு அவருக்கு. மனுவைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "பேப்பர்ல வேணாம் பாய். பேப்பர்ல வந்துட்டா நான் மேல அனுப்பணும், மேல இருக்கறவன் இன்னான்னு கேப்பான். நீங்க பாட்டுக்குப் பன்னண்டரைக்குப் போயிட்டு ரெண்டு மணிக்கு வந்துடுங்க. சாயங்காலம் செத்த ஜாஸ்தி உக்காருங்க. இது என் வாயில இருக்கட்டும்." இவ்வளவுதான் அனுமதி. ஒரு மனுஷரின் வாயில் இருந்த அனுமதி. பக்கத்து சீட்டிலிருந்து தனகோடி, "நீங்க போங்க பாய், கவுண்டர நான் பாத்துக்கறேன்" என்றார். இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஷம்சு வந்ததும் அந்த அனுமதி தானாக அவருக்கும் ஆயிற்று. முதல் மாதம் என்னோடு வந்தார், தொழுதார், என்னோடு திரும்பினார். அடுத்த மாதம், "நீங்க முன்னாடி போங்க மச்சான், ஒரு வெத்தல போட்டுட்டு வந்துடுறேன்" என்றார். பத்து நிமிஷம் தாமதம். பிறகு அரை மணி. பிறகு நான் பள்ளிவாசலில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஆளையே காணோம். புதுப்பாளையத்தில் அவர் வீடு. நேராக அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்குவார். நாலு மணிக்கு எழுந்து வருவார். வரும்போது ஒரு வேலை செய்வார் பார், அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளைத் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொள்வார். ஆபீஸ் குழாயடியில் கையை முழங்கை வரை நனைத்துக்கொள்வார். ஈரக் கையோடு வருகிற மனுஷனிடம் எங்கே போனாய் என்று யார் கேட்பார்கள்? தொப்பியைக் காட்டித் தூங்கினார் அந்த ஆள்.

எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். ஒரு நாள் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உன் அம்மாவிடம் சொன்னேன். "எங்கண்ணன விட்டுக்குடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். அது எனக்கும் வசதியாக இருந்தது. நாம் சொன்னால் நம்மாட்களைப் பற்றி ஆபீசில் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு பயம். சொந்தக்காரனைக் காட்டிக்கொடுத்தான் என்று பெருநாளன்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று இன்னொரு பயம். இந்த இரண்டு பயத்துக்கும் சேர்த்து 'நம்ம ஆள்' என்று ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டேன். நீயும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறாய். ஷம்சு எழுத வேண்டிய நகல்களை நானும் தனகோடியும் பங்கு போட்டு எழுதினோம். நான் சொந்தத்துக்காக எழுதினேன். தனகோடி எதற்காக எழுதினார் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை தனகோடி ஷம்சுவின் சீட்டுக்கு வந்து நின்றார். "பாய், நாளைக்கு நாலரைக்கு எம் பொண்ணப் பாக்க வராங்க. மூத்தவ. ரெண்டே முக்கால் வண்டியப் புடிச்சாத்தான் நான் வூடு போய்ச் சேர முடியும். கவுண்டர்ல ரெண்டு பேரு இருந்தா போலாம்னு சூப்பிரண்டு சொல்லிட்டாரு. நீங்க மட்டும் ரெண்டு மணிக்கு டாண்ணு வந்துடுங்க." ஷம்சு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம வீட்டு விசேஷமாச்சே. வராம எங்க போவப் போறேன்?" அன்று சாயங்காலம் தனகோடி பூ வாங்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கிளம்பினார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

வெள்ளிக்கிழமை நான் இரண்டு மணிக்கு வந்துவிட்டேன். ஷம்சு பள்ளிவாசலுக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். தனகோடி பையைத் தோளில் மாட்டித் தயாராக நின்றார். சூப்பிரண்டு தம் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா பாய், இன்னொருத்தரக் காணோம்?" என்றார். அந்த நொடியில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். சூப்பிரண்டு தனகோடியைப் போகச் சொல்லியிருப்பார், இல்லையென்றால் சைக்கிளில் ஆள் அனுப்பியிருப்பார். புதுப்பாளையம் என்ன தொலைவா? நான் சொன்னேன்: "தொழுக நீண்டுடுச்சுங்க. அவரு கடைசி வரிசையில இருந்தாரு. பின்னாடியே வர்றாரு." தனகோடி நம்பினார். பின்னாடியே வருகிறவருக்காகக் காத்துக்கொண்டு நின்றார். இரண்டேகால் ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கவுண்டரில் கூட்டம் கத்தியது. திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் வண்டி கிளம்பும் ஊதல் எங்களுக்கு நன்றாகக் கேட்கும். அன்றைக்கும் கேட்டது. தனகோடி பையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்து நகல் எழுத ஆரம்பித்தார்.

மூன்றரைக்கு ஷம்சு வந்தார். அதே தொப்பி, அதே ஈரக் கை. தனகோடி எழுந்தார். ஷம்சுவைத் தாண்டி நேராக என் சீட்டுக்கு வந்தார். "பாய், உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவரு நெசமாவே பள்ளிவாசல்லதான் இருந்தாரா?" என்றார். குரலில் கோபமே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் சொன்னேன். "இருந்தாருங்க. கடைசி வரிசையில இருந்தாரு." அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டதாம். பெண்ணின் அப்பனே இல்லாத வீட்டில் யாரிடம் பேசுவது, நம்மை மதித்தால் ஆபீஸ் பெரிதாகத் தெரியுமா என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்களாம். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து எழுதுவேன். திங்கட்கிழமை காலை சூப்பிரண்டு என்னை அறைக்குள் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வண்டி போனதும் அவர் பொறுக்க முடியாமல் பியூனைச் சைக்கிளில் புதுப்பாளையத்துக்கு அனுப்பியிருக்கிறார். பியூன்தான் ஷம்சுவைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறான். முன்னால் திரும்பி வந்து வராந்தாவில் சூப்பிரண்டிடமும் தனகோடியிடமும் அதைச் சொல்லியிருக்கிறான். நான் கவுண்டர் கூட்டத்தில் இருந்தேன், தனகோடி நடுவில் எழுந்து வராந்தாவுக்குப் போய் வந்ததைக் கவனிக்கவில்லை. புரிகிறதா உனக்கு? தனகோடி என்னிடம் வந்து கேட்டபோது அவருக்கு எல்லாம் தெரியும். ஷம்சுவைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு அவர் கேட்கவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்வதற்குக் கேட்டார். தெரிந்துகொண்டார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல பாய்" என்றார் சூப்பிரண்டு. அவர் கோபப்பட்டிருக்கலாம். "வாயால குடுத்தேன். வாயாலயே எடுத்துக்கறேன். இனிமே வெள்ளிக்கெழம யாருக்கும் கெடையாது. வேணும்னா அர நாள் லீவு போட்டுட்டுப் போங்க." எழுத்தில் இருந்திருந்தால் மேலே மனுப் போடலாம். இதற்கு எங்கே போவது? அன்றிலிருந்து லீவு இருக்கிற வரை ஜும்மாவுக்குப் போனேன். லீவு தீர்ந்த பிறகு வெள்ளிக்கிழமை மதியம் பதிவேட்டு அலமாரிகளுக்குப் பின்னால் தூசியில் துண்டு விரித்துத் தனியாகத் தொழுதேன். உன் ஷம்சு மாமா என்ன செய்தார் தெரியுமா? "என்னா மச்சான், ஒரு மணி நேரம் கண் அசந்தது அவ்ளோ பெரிய குத்தமா?" என்றார். இரண்டே மாதத்தில் திருவண்ணாமலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெருநாளைக்கு வந்தால் இன்னமும் என் வீட்டில் இரண்டாம் முறை பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நான் பரிமாறுகிறேன். இதை எழுதும்போது உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "அவர இப்ப எதுக்கு இழுக்கறீங்க?" என்கிறாள். பிறகு அவளே, "சரி, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தனகோடி அதற்குப் பிறகும் என்னோடு மூன்று வருஷம் அதே கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். வேலை விஷயம் பேசுவார். பேனா கேட்டால் கொடுப்பார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளித் தள்ளியே மூன்று வருஷம் ஓட்டினேன். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் கூடியது. எனக்கும் பத்திரிகை வைத்தார். "குடும்பத்தோட வந்துடுங்க பாய்" என்றார். நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். அதுவும் பொய். அடுத்த மாதம் அவருக்குப் பதவி உயர்வு வந்து சிதம்பரத்துக்குப் போனார்.

இப்போது உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படி. இரண்டு வாரமாகக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார் என்று எழுதியிருக்கிறாயே, உன் சூப்பிரண்டு தனகோடி சார், அவர் இவர்தான். நான் சொன்ன அதே பொய்யை, அதே மனுஷரிடம், ஏழு வருஷம் கழித்து நீ போய்ச் சொல்லியிருக்கிறாய். தொழுகை நீண்டுவிட்டது, பின்னாடியே வருகிறார். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? உன் மேல் எனக்கு வருகிற கோபம் பாதிதான் உன்னுடையது என்று தெரிந்தும் என்னால் அதை அடக்க முடியவில்லை. நீ அவர் கீழே வேலைக்குச் சேர்ந்த அன்றே இந்தக் கதையை நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். மகன் முன்னால் மானம் போய்விடுமே என்று மறைத்தேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். முதலில் உன் பக்கத்து சீட்டுக்காரரிடம் போ. ஆபீசில் நாலு பேர் முன்னால் வேண்டாம், வெளியே கூட்டிப்போய்ச் சொல். 'இனிமேல் நீங்கள் எங்கே என்று கேட்டால் தெரியாது என்பேன், பள்ளிவாசலில் பார்த்தீர்களா என்று கேட்டால் பார்க்கவில்லை என்பேன், உங்கள் பைலை இனி நான் தொட மாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல். அவர் கோபித்துக்கொள்வார், நம்ம ஆளா நீ என்பார். சொல்லட்டும். நாளைக்கு அந்த ஆபீசுக்கு வேலைக்கு வரப்போகும் இன்னொருவன், தொழப் போகட்டுமா என்று கேட்கும்போது வாய் கூசி நிற்பானே, அவனும் நம்ம ஆள்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் இருவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் யாருடைய ஆள்? நீ அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். அவருக்காகப் பொய் சொல்வதை நிறுத்து, போதும்.

அடுத்து தனகோடி சாரிடம் போ. இந்த இரண்டு வாரம் சொன்னது பொய் என்று நீயே சொல். அவர் உன் பொய்யைக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காதே, கண்டுபிடித்து வெகு நாளாகியிருக்கும். அனுமதியை எடுத்துவிடுவாரோ என்று பயப்படாதே. எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும், அது அவர் வாயில் இருப்பது. நீ யார் மகன் என்று அவருக்குத் தெரியாதோ என்றும் நினைக்காதே. உன் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பெயரும் ஊரும் இருக்கிறது. அதைத் திறந்து படிக்காமல் ஓர் ஆளை சீட்டில் உட்கார வைக்கிறவர் இல்லை அவர்.

போன வருஷம் நீ சேர்ந்த முதல் வாரம் எழுதிய கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. நீ கேட்காமலே உன்னைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கெழம பன்னண்டரைக்குக் கெளம்பிடுங்க தம்பி. ரெண்டு மணிக்கு வந்துட்டாப் போதும்" என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். உன் அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

எனக்கு ரிடையர் ஆக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, லீவும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நான் சிதம்பரத்துக்கு வருகிறேன். ஜும்மாவை உன்னோடு தொழுகிறேன், முதல் வரிசையில். முடிந்ததும் நேராக உன் ஆபீசுக்குப் போவோம். இந்தத் தடவையாவது இரண்டு மணிக்கு அவர் முன்னால் நின்று நான் நிஜத்தைச் சொல்ல வேண்டும்.

உன் அத்தா.